கடைக்கும் தெருவுக்கும் கடற்கரைக்கும் விளக்கு அமைப்பது: ராமநாதபுரம் கரைக்கான முழு வழிகாட்டி

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கரையில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் விளக்கு விஷயத்தில் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் மதுரைக்குப் போய் லைட் வாங்குகிறார்கள். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எங்கே மாட்டலாம் என்று கேட்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு சரக்கை அடுக்குகிறார்கள். அதற்குள் செலவு முடிந்துவிடும். சங்கு இருக்கும் தட்டில் நிழலும், யாரும் நிற்காத தரையில் வெளிச்சமும் விழுந்துகொண்டிருக்கும்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். சரக்கு எங்கே, ஆள் எங்கே நிற்பார் என்பது முதலில். வெளிச்சம் எங்கிருந்து எந்த நிறத்தில் வர வேண்டும் என்பது அடுத்து. எந்த லைட் என்பது கடைசியில். கீழே உள்ள படிகளையும் அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

அளவு டேப், சாக்பீஸ், ஒடுங்கிய ஒளிக்கற்றை உள்ள டார்ச், வெள்ளைத் தாள், கடையின் தரைப்படம். படம் கையால் வரைந்ததாக இருந்தாலும் அடிக்கணக்கு சரியாக இருக்கட்டும்.

போனில் லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண்ணைத் துல்லியமென்று நம்ப முடியாது. ஆனால் ஓர் இடத்தைவிட இன்னோர் இடம் எத்தனை மடங்கு வெளிச்சம் என்று ஒப்பிட அது போதும். நமக்கு வேண்டியதும் அந்த ஒப்பீடுதான்.

3000, 4000, 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, 6ஆம் படியில் விளக்கம்) ஒவ்வொன்றிலும் ஒரு பல்பு, நீள வயரோடு ஒரு ஹோல்டர். மொத்தமாக வாங்கும் முன் சரக்கின் மேல் பிடித்துப் பார்க்க இவை வேண்டும். பெரிய செலவைத் தடுக்கும் சின்னச் செலவு இது.

2. நடுப்பகலிலும் இருட்டிய பிறகும் வாசலில் நின்று பாருங்கள்

நம் ஊர் உச்சி வெயில் நேராக விழும் இடத்தில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். அந்த வெயிலில் நடந்து வந்தவர் 300 லக்ஸ் உள்ள கடைக்குள் எட்டிப் பார்த்தால் குகை மாதிரித் தெரியும். அளவுப்படி அந்த வெளிச்சம் குறைவில்லை. வெயிலிலிருந்து அந்த வெளிச்சத்துக்குக் கண் இறங்கிப் பழக நேரம் கொடுக்காததுதான் காரணம்.

வாசலில் ஒரு தாழ்வாரமோ கீற்றுப் பந்தலோ இருந்தால் கண் பாதி வழி இறங்கிவிடும். அதோடு கடையின் பின்சுவருக்கு நல்ல வெளிச்சம் கொடுங்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்குப் பின்சுவர் தெரிந்தால்தான் கடைக்கு ஆழம் தெரியும், உள்ளே வரத் தோன்றும். முன்பகுதிக்கு மட்டும் லைட் போட்டுப் பின்பகுதியை விட்டுவிடுவது நான் அதிகம் பார்க்கிற தவறு.

இரவில் இது மாறிவிடும். தெரு இருட்டாக இருக்கும்போது பகலுக்கான அதே வெளிச்சம் கண்ணைக் குத்தும். ராமேஸ்வரம் சன்னதித் தெருவில் விடியுமுன்பே கடை திறப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தீர்த்தமாட வருகிறவர்கள் இருட்டுக்குப் பழகிய கண்ணோடு வருகிறார்கள். அவர்களுக்குப் பகல் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குகூட வேண்டாம். இரண்டு வேளையிலும் பார்த்து, கண் முதலில் எங்கே போகிறது, எங்கே கூசுகிறது என்று படத்தில் குறியுங்கள்.

3. வருகிறவர் உட்காரணுமா, வாங்கிக்கொண்டு நகரணுமா?

மனநிலை என்று சொல்கிறோமே, அது இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாக, மேலிருந்து, வெள்ளையாக வெளிச்சம் விழுந்தால் ஆள் சுறுசுறுப்பாவார், வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவார். மருந்துக்கடைக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் அது சரி. வெளிச்சம் தாழ்ந்த உயரத்திலிருந்து, மஞ்சள் சாய்ந்து, திட்டுத்திட்டாக விழுந்தால் ஆள் உட்காருவார், குரலும் தானாகத் தாழும். இரவு ரயிலில் வந்து அறைக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு லாட்ஜ் வரவேற்பறையில் இதுதான் வேண்டும்.

இன்னொன்று: சுவரில் வெளிச்சம் விழுந்தால் இடம் அகலமாகத் தெரியும். தரையில் மட்டும் விழுந்தால் கூரை தலைமேல் அழுத்துவதுபோல இருக்கும். சின்னக் கடைக்காரர்கள் சுவரை மறக்கக் கூடாது.

‘இந்தக் கடையில் ஆள் இவ்வளவு நேரம் இருக்க வேண்டும், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதி, எலக்ட்ரீஷியனிடமும் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் அவர் போன கடையில் செய்ததையே இங்கேயும் செய்வார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை.

4. லைட்டுக்கு முன் சுவரை முடியுங்கள்

வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். அடர் பழுப்புச் சுவர் 10 சதவீதம் தந்தாலே அதிகம். அதனால் பெயின்ட் முடியாமல் எத்தனை லைட் என்று கணக்குப் போட முடியாது. பளபளப்பான பெயின்டும் பளிங்கு மாதிரி மின்னும் டைல்ஸும் ஒவ்வொரு லைட்டையும் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். மங்கிய பூச்சே நல்லது.

5. பொது வெளிச்சத்தைக் குறையுங்கள், சரக்கின் மேல் கூட்டுங்கள்

இதுதான் முழு வேலையின் நடு. புதியவர்கள் கூரை முழுக்கப் பேனல் லைட் போட்டு 600 லக்ஸ் கொண்டுவந்துவிடுவார்கள். பிறகு சரக்கைத் தூக்கிக் காட்ட ஸ்பாட் (ஒரே இடத்தில் குவிந்து விழும் லைட்) போட்டால் அது எடுபடாது. சுற்றுப்புறத்தைவிட இரண்டு மடங்கு வெளிச்சத்தைக் கண் சரியாகக் கவனிப்பதே இல்லை. மூன்று மடங்கில் வித்தியாசம் தெரியும். ஐந்து மடங்கில் கண் தானாக அங்கே போகும்.

ஆகவே நடைபாதைக்கு 150 முதல் 200 லக்ஸ், சரக்குத் தட்டுக்கு 500 முதல் 700, விசேஷமாகக் காட்ட வேண்டியதற்கு 1000 என்று வைத்துப் பாருங்கள். அந்த விசேஷ இடம் கடைக்கு இரண்டு மூன்று போதும். கல்லாவுக்குத் தனியாக 500: பில்லும் நோட்டும் பார்க்கும் இடம் அது.

எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்பது அளவைவிட முக்கியம். ஒரு வலம்புரியோ இடம்புரியோ கையில் எடுங்கள். டார்ச்சை நேர் எதிரே பிடித்தால் அது வெறும் வெள்ளைக் கட்டி. டார்ச்சை மெல்லப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள். புரி ஒவ்வொன்றும் தன் நிழலோடு எழும்பி வரும். வாய்ப்பக்கமாக உள்ளே அடித்தால் மெல்லிய ஓரம் ஒளி கசிந்து இளஞ்சிவப்பாகும். பனையோலைக் கொட்டானும் அப்படித்தான்: பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் முடைந்த ஓலையின் மேடுபள்ளம் தெரியும். கருப்பட்டிக்கும் இது பொருந்தும்.

துணிக்கு மட்டும் நேர் வெளிச்சம் கொஞ்சம் சேருங்கள். பக்கவாட்டில் மட்டும் விழுந்தால் மடிப்பு நிழலெல்லாம் கறை மாதிரித் தெரியும்.

முகத்தையும் கணக்கில் எடுங்கள். தலைக்கு நேர் மேலே ஸ்பாட் இருந்தால் கண்குழியில் நிழல் விழுந்து எல்லாரும் களைத்தவர்போலத் தெரிவார்கள். துணிக்கடைக் கண்ணாடியின் இரு பக்கமும் செங்குத்தாக லைட் வையுங்கள். தன் முகம் நன்றாகத் தெரிகிற கண்ணாடியின் முன்னால்தான் சேலையைத் தோளில் போட்டுப் பார்க்கத் தோன்றும்.

6. நிறம்: கெல்வினும் சி.ஆர்.ஐ.யும் வேறு வேறு

கெல்வின் என்பது ஒளி மஞ்சள் சாய்ந்ததா, நீலம் சாய்ந்ததா என்று சொல்வது. 2700 பழைய குண்டு பல்பின் நிறம். 4000 நடுநிலை. 6500 மேகம் மூடிய பகல். சி.ஆர்.ஐ. என்பது அந்த ஒளியில் பொருளின் சொந்த நிறம் எவ்வளவு உண்மையாகத் தெரிகிறது என்பது. 100 உச்சம். பெட்டியில் 80க்குக் கீழே எழுதியிருந்தாலோ எதுவுமே எழுதாமல் இருந்தாலோ கடைக்கு வாங்காதீர்கள். துணிக்கும் நகைக்கும் மீனுக்கும் 90 வேண்டும்.

கீழக்கரையில் ஒரு துணிக்கடையில் இதை நேரில் பார்க்கலாம். “காக்கா (அண்ணன்), இது கறுப்பா, நேவி ப்ளூவா?” என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் புர்கா துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். சி.ஆர்.ஐ. குறைந்த வெள்ளை லைட்டில் அடர் நீலம், அடர் பச்சை, கறுப்பு மூன்றும் ஒன்றாகிவிடும். உங்கள் கடையில் வாடிக்கையாளர் துணியோடு வாசலுக்கு நடக்கிறாரென்றால் லைட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஒரு நுணுக்கமும் உண்டு. வழக்கமான சி.ஆர்.ஐ. எண் 8 வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அதில் இல்லை. அதற்கு ஆர் 9 என்று தனி அளவு இருக்கிறது. குங்குமம், பட்டு, மீன் செவுள் எல்லாம் சிவப்பு. ஆர் 9 அளவு 50க்கு மேல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

சரக்குவாரியாகச் சொன்னால்: தங்கத்துக்கும் கருப்பட்டிக்கும் 3000. வெள்ளிக்கும் சங்குக்கும் 4000. நெத்திலிக் கருவாடு வெள்ளி மினுக்கோடு இருக்க வேண்டியது. 2700இல் வைத்தால் பழசாகிப் போனதுபோல மஞ்சளடிக்கும், 4000 வையுங்கள். மீன் கடையில் சிவப்புக் காகிதம் ஒட்டிய லைட் தொங்கவிட்டுச் செவுளை ரத்தச் சிவப்பாகக் காட்டுவது ஏமாற்று வேலை. பரம்பரையாக மீன் வாங்கும் ஊரில் அது செல்லவும் செல்லாது, செய்யவும் கூடாது.

‘வெள்ளை லைட் போட்டாத்தான் கடை பளிச்சுன்னு இருக்கும்’ என்று 6500க்கு வாதாடுவார்கள். பகலில், வெளி வெயிலோடு சேரும்போது அது பளிச்சென்று இருப்பது உண்மை. அந்தி சாய்ந்ததும் முகமெல்லாம் வெளிறிக் கடை ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிடும். ஒரே கடையில் 3000ஐயும் 6500ஐயும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுவது அதைவிட மோசம்: ஒன்று அழுக்காகவும் மற்றது நீலமாகவும் தெரியும். நிறம் மாறி மாறி ஓடும் ஸ்ட்ரிப் லைட்டைத் திருவிழாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. கோணமும் தூரமும்

இங்கே கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம். 10 அடி உயரச் சீலிங், காட்ட வேண்டிய பொருள் 5 அடி உயரத்தில் என்றால், ஸ்பாட்டைச் சுவரிலிருந்து சுமார் 3 அடி தள்ளி மாட்டுங்கள். ஒளி செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்து விழும். இன்னும் தள்ளினால், பார்க்க வருகிறவரின் நிழலே பொருள்மேல் விழும். நெருக்கினால் தட்டின் விளிம்பு நிழல் நீளும்.

அந்த அமைப்பில் ஒளி செல்லும் தூரம் சுமார் 6 அடி. ஒளி விரியும் கோணம் 15 பாகை உள்ள ஸ்பாட் அங்கே ஒன்றரை அடி வட்டம் போடும். 24 பாகை இரண்டரை அடி, 36 பாகை நான்கு அடி, 60 பாகை ஏழு அடி. ஒற்றைச் சங்குக்கு 15, ஒரு தட்டுக்கு 24 அல்லது 36. எல்லாவற்றுக்கும் 60 வாங்குவதால்தான் ஸ்பாட் போட்டும் பலன் தெரிவதில்லை.

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். உயரமான பழைய வீட்டைக் கடையாக்கினால் கூரையில் மாட்டாமல் ட்ராக்கை (ஸ்பாட்டுகளை வரிசையாக மாட்டும் சட்டம்) கம்பியில் கீழே இறக்கித் தொங்கவிடுங்கள். வாட்டைக் கூட்டுவதைவிட அது மலிவு.

கண்ணாடி ஷோகேஸுக்கு வெளியிலிருந்து அடித்தால் கண்ணாடியில் லைட்டே தெரியும். உள்ளே, முன்பக்க மேல் விளிம்பில், ஸ்ட்ரிப்பை மறைத்து வையுங்கள். ஒளி மட்டும் தெரிய வேண்டும், விளக்கு தெரியக் கூடாது.

8. உப்புக்காற்றுக்கு ஏற்ற சாமான்

பெட்டியில் ஐ.பி. 65 என்று போட்டிருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் தூசியையும் தண்ணீரையும் பற்றியது மட்டும். துருப்பிடிக்குமா என்று அது எதுவும் சொல்லாது.

வெளியே மாட்டுவதற்குப் பாலிகார்பனேட் உடல் உள்ளதை முதலில் தேடுங்கள். அலுமினியம் என்றால் கடலோரப் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். சாதாரணப் பவுடர் கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் அங்கிருந்தே வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். ஸ்குரூ 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 304 ரகம் உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும். 316இல் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் தாங்கும். அலுமினியமும் ஸ்டீலும் தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள். இரண்டு உலோகமும் ஈர உப்பும் சேர்ந்தால் அலுமினியம் கரையும்.

வயரை எப்போதும் லைட்டின் அடிப்பக்கமாக உள்ளே விடுங்கள், உள்ளே போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைநீர் வயரோடு வழிந்து வளைவில் சொட்டிவிடும். புதியவர்கள் வசதிக்காகப் பெட்டியில் வேறொரு துளை போட்டு வயரை நுழைப்பார்கள். துளை போட்ட நிமிடமே அந்த ஐ.பி. எண்ணுக்கு அர்த்தம் போய்விட்டது.

காற்று வரும் பக்கத்தையும் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கச் சுவரும், வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் வடகடல் பக்கச் சுவரும் உப்பைச் சுமக்கும். தீவின் இரு பக்கமும் கடல் என்பதால் ராமேஸ்வரத்தில் இரண்டையும் யோசிக்க வேண்டும். முடிந்தவரை கூரை நீட்டத்துக்குக் கீழே, காற்றுக்கு மறைவாக மாட்டுங்கள்.

டிரைவரை, அதாவது எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டியை, கடைக்குள் வையுங்கள். வெயிலில் காயும் பெட்டிக்குள் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் டிரைவரில் உள்ள கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். எல்.இ.டி. போய்விட்டது என்று தூக்கி எறிபவற்றில் பலவற்றில் போயிருப்பது டிரைவர் மட்டுமே. கையில் ஒரு உபரி டிரைவர் இருக்கட்டும்.

எர்த் சரியாக இருக்க வேண்டும், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) கட்டாயம். ஈரக் கையோடும் ஈரத் தரையோடும் ஆள் புழங்கும் ஊர் இது. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வயரிங் வேலையை உரிமம் உள்ளவரிடமே கொடுங்கள்.

9. ஸ்விட்சைப் பிரித்து வையுங்கள்

பகல், இரவு, கடை அடைத்த பிறகு என்று மூன்று வேளைக்கும் தனித்தனி ஸ்விட்ச். பொது வெளிச்சம், சரக்கு, வாசல் மூன்றும் தனித்தனி லைனில் இருந்தால் இது எளிது. இன்வெர்ட்டரில் கல்லா, வெளியேறும் வழி, சரக்கு லைட்டில் ஒன்று மட்டும். டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்விட்ச்) போடுவதென்றால் அதை ஏற்கும் டிரைவரா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் லைட் துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத துடிப்பு போன் கேமராவில் ஓடும் கறுப்புப் பட்டைகளாகத் தெரியும்.

10. வாசலுக்கு வெளியே: தெருவும் கடற்கரையும்

பொது இடத்தில் முதல் வேலை அனுமதி. நகராட்சியோ, பேரூராட்சியோ, ஊராட்சியோ, எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கடற்கரையென்றால் வனத்துறையிடமும் பேசுங்கள்.

ஒரே உயரக் கம்பத்தில் பெரிய ஃப்ளட் லைட் மாட்டினால் போதும் என்பது எல்லா ஊரிலும் உள்ள எண்ணம். அதன் அடியில் கண் கூசும், 50 அடி தள்ளி இருட்டு இன்னும் கறுக்கும். கூசிய கண்ணுக்கு அந்த இருட்டில் ஒன்றும் தெரியாது. குறைந்த வாட்டில், நெருக்கமாக, தாழ்வாக, பல விளக்குகள் போடுங்கள். எதிரே வருகிறவரின் முகம் 12 அடி தூரத்தில் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். பெண்கள் தனியாக நடக்கத் துணிவது அந்த வெளிச்சத்தில்தான். பேருந்து நிறுத்தத்தில் கூரைக்கடியிலும் உட்காரும் சுவரிலும் வெளிச்சம் விழட்டும், ரோட்டின் மேல் அல்ல. படித்துறையில் ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிய வேண்டும்.

கடலைப் பார்த்து எந்த விளக்கையும் திருப்பாதீர்கள். இரண்டு காரணங்கள். கரை திரும்பும் வள்ளத்துக்காரருக்கு நேராக அடிக்கும் ஃப்ளட் லைட் கண்ணை மறைக்கும், அவர் தேடும் அடையாள விளக்கு அதில் கரைந்துபோகும். இன்னொன்று ஆமை. பங்குனி ஆமைகள் ஆண்டின் முதல் மாதங்களில் நம் கரைக்கு முட்டையிட வரும். முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சு, எந்தத் திசை வெளிச்சமோ அதுதான் கடல் என்று நம்பி ஓடும். முழு நிலவு தருவதே சுமார் 0.2 லக்ஸ். அதற்கு முன்னால் ஒரு ரிசார்ட்டின் ஃப்ளட் லைட் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். குஞ்சு ரோட்டுப் பக்கம் ஏறி, விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகும். இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் தடுப்பது அவ்வளவு சுலபம்.

கரையோரத்தில் விளக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். மேலேயும் கடல் பக்கமும் மூடிய உறை, ஆம்பர் (செம்மஞ்சள்) நிறம், ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார். நீலம் கலந்த வெள்ளை ஒளிதான் ஆமையை அதிகம் குழப்பும். ஆம்பர் அந்த அளவுக்கு இழுக்காது. ஐப்பசி மழையில் ஈசல் மொய்ப்பதும் ஆம்பரில் குறையும். டீக்கடைக்காரருக்கு அது உடனே புரியும் லாபம். வேலை முடிந்ததும் மணலில் இறங்கி, கடலோரம் நின்று திரும்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு விளக்கின் பிழம்பு கண்ணில் பட்டால் உறையை இன்னும் இறக்குங்கள்.

11. இருட்டிய பிறகு லைட்டுகளைத் திருப்புங்கள்

மாட்டுவது பகல் வேலை, திருப்பி நிறுத்துவது இரவு வேலை. இதற்கு எலக்ட்ரீஷியனிடம் முன்பே பேசி ஒரு மாலையை வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு முழுவதும் அடுக்கியிருக்க வேண்டும். ஒருவர் ஏணியில், ஒருவர் வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில். கீழே நிற்பவர் சொல்வதுதான் செல்லும். முதலில் சரக்கு லைட்டுகளை மட்டும் எரியவிட்டுத் திருப்புங்கள். பிறகு பொது வெளிச்சத்தைச் சேருங்கள். எல்லாம் எரியும்போது தொடங்கினால் எந்த நிழல் எந்த லைட்டால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு குழந்தையின் உயரத்திலும் குனிந்து பாருங்கள்.

12. துடைப்பது

உப்புப் படலம் லென்ஸில் படிந்தால் வெளிச்சம் மெல்ல மெல்லக் குறையும், கடைக்காரருக்கே தெரியாது. மாதம் ஒரு முறை மெயினை அணைத்து, லைட் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள். அதன் பிறகு காய்ந்த துணி. எடுத்ததும் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகள் பாலிகார்பனேட்டைக் கீறிவிடும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் தெருக்களில் குடிதண்ணீரையே பயன்படுத்துங்கள். துடைக்கும்போது ஸ்பாட் நகர்ந்துவிடும் என்பதால், திருப்பி நிறுத்திய அன்றே ஒவ்வொன்றின் கழுத்திலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.